கிராணியின் மேசையும் பாட்டியின் பாயும்: பெண்ணியத்தையும் சமகாலக் கலையையும் இணையத்தில் காசில்லாமல் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இரவு ஒன்பதரைக்கு மேல்தான் என் கைக்கு வரும். அதுவரை அது காய் நறுக்கும் இடம், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் இடம், தண்ணீர் பில்லும் மின்சார பில்லும் குவியும் இடம். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பழைய மடிக்கணினியைத் திறப்பேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருந்துகொண்டு நான் பெண்ணியமும் சமகாலக் கலையும் படித்தது இப்படித்தான். இதற்காக எந்தப் பல்கலைக்கழக வாசலையும் மிதிக்கவில்லை. ஒரே ஒரு முறை ஏமாந்து கட்டியதைத் தவிரப் பணமும் கட்டவில்லை; அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஆங்கிலம் சுமாராகப் படிக்கத் தெரிந்து, வீட்டு வேலையும் வெளி வேலையும் போக மிச்சம் கொஞ்சம் நேரம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலை பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: நேரத்துக்கு வேலி போடுங்கள்

இலவசப் பாடத்துக்கு விலை உண்டு. அது உங்கள் நேரம். என் பாட்டி விடியுமுன்னே எழுந்து, சோறு பொங்கி வைத்துவிட்டு, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடி, ரப்பர் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் அடுப்பும் துணியும் காத்திருக்கும். தாத்தாவும் அதே பெரட்டுக்குத்தான் போனார். திரும்பி வந்தவருக்குத் திண்ணை காத்திருந்தது. பெண்ணியத்தின் முதல் பாடத்தை இணையத்துக்குப் போகாமலே படித்துவிட்டோம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாரத்தில் மூன்று இரவுகள், இரவுக்கு நாற்பது நிமிடம் போதும். ஆனால் அதை வீட்டில் எல்லாரிடமும் அறிவித்துவிடுங்கள். "சும்மா கணினி பார்க்கிறேன்" என்றால் தேநீர் கேட்பார்கள். "வகுப்பில் இருக்கிறேன்" என்றால் கொஞ்சம் தயங்குவார்கள். வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால், அரசு நடத்தும் சமூக இணைய மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முன்பு பெடி என்றார்கள், இப்போது நாடி என்கிறார்கள். அங்கோ ஊர் நூலகத்திலோ கட்டுரைகளையும் பாட உரைகளையும் இறக்கி வைத்துக்கொண்டால், வீட்டில் இணையமே இல்லாமல் படிக்கலாம்.

இரண்டாம் படி: பாடத்தில் சேராதீர்கள், முதலில் பாருங்கள்

பலரும் செய்யும் தவறு, முதல் நாளே ஆறு வாரப் பாடத்தில் பெயரைப் பதிந்துவிட்டு இரண்டாம் வாரத்தில் கைவிடுவது. நானும் கைவிட்டிருக்கிறேன். அதைவிட, ஒரே ஒரு படைப்பைப் பத்து நிமிடம் பார்த்துப் பழகுங்கள்.

அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் 1975இல் எடுத்த ஒரு காணொளியில் தொடங்கச் சொல்வேன். Semiotics of the Kitchen என்ற தலைப்பைத் தமிழில் சொன்னால் சமையலறையின் குறியியல்; குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராய்வது குறியியல். கறுப்பு வெள்ளை, ஆறு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடினால் கிடைக்கும். ஒரு பெண் சமையலறையில் நின்று, தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சி நடத்துபவள் போல, ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பெயர் சொல்லிக் காட்டுகிறாள். முதலில் ஏப்ரன், அடுத்து கிண்ணம். சிரிப்பே இல்லை. போகப் போகக் கத்தியைக் குத்துகிறாள், கரண்டியால் இல்லாத குழம்பை மொண்டு தோளுக்கு அப்பால் வீசுகிறாள். கடைசிச் சில எழுத்துகளுக்குப் பாத்திரம் இல்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடித்த கைகளையே எழுத்தாக வளைக்கிறாள். முடிவில் தோளை ஒரு குலுக்குக் குலுக்குகிறாள், அவ்வளவுதான்.

முதல் தடவை சத்தத்தோடு பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள். பிறகு ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: என்ன பொருள்கள் இருக்கின்றன? யார் யாரைப் பார்க்கிறார்கள்? எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை? நிகழ்ச்சி முடிந்த பிறகு அந்த இடத்தைச் சுத்தம் செய்வது யார்? நான்காவது கேள்வி எந்தப் பாடநூலிலும் இல்லை, என் சொந்தச் சரக்கு. எந்தப் படைப்பிடமும் கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று அகப்படும்.

அதன் பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சமையலறையில் நின்று தமிழ் அகரவரிசையைத் தொடங்கினேன். அ, அரிவாள்மனை. ஆ, ஆட்டுக்கல். இ, இட்லிச் சட்டி. ஈ வந்ததும் நின்றுவிட்டேன். கூடத்தில் சுருண்டு படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே "ஈயச் சொம்பு" என்றார். ஈயச் சுரங்கத்துக்குப் பேர்போன பேராக் மாநிலத்தில் பிறந்துவிட்டு ஈயத்தை மறந்தேன் பாருங்கள். உ உரல், ஊ ஊதுகுழல். இவற்றில் இன்று எங்கள் வீட்டில் இருப்பது இட்லிச் சட்டி மட்டும்தான். மற்றவை எல்லாம் தோட்டத்து லய வீட்டை விட்டு வெளியேறிய நாளில் அங்கேயே தங்கிவிட்டன. ராஸ்லரின் அகரவரிசை கோபத்தில் முடிகிறது. எங்களுடையது காணாமல்போன பொருள்களின் கணக்காக ஆகிவிட்டது. ஒரே பயிற்சி ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும் என்று அன்றுதான் புரிந்தது.

மூன்றாம் படி: பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

இணையப் பாடங்கள் பெரும்பாலும் நியூயார்க்கில் தொடங்கி லண்டனில் முடியும். ஆசியா ஏழாவது வாரத்தில் ஒரு சலுகையாக வரும். அந்த வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. நான் தலைகீழாகப் படிக்கச் சொல்கிறேன்.

கோத்தா கினபாலுவில் 1971இல் பிறந்தவர் கலைஞர் யீ ஐ-லான். அவர் படைப்புகளில் மேசை திரும்பத் திரும்ப வரும். அவருக்கு மேசை வெறும் மரச்சாமான் அல்ல; காலனி ஆட்சியும் கோப்பும் கையெழுத்தும் அளவையும் நம் ஊருக்குள் வந்து உட்கார்ந்த இடம். அதற்கு எதிரே அவர் விரிப்பது பாய். சபாவின் செம்பூர்ணா பக்கம் ஓமாடால் தீவில் உள்ள பாய் பின்னும் பெண்களோடு சேர்ந்து வேலை செய்து, பாய்களிலேயே மேசை உருவங்களைப் பின்னவைத்தார். மேசையில் ஒருவருக்கு ஒரு நாற்காலி. பாயில் எத்தனை பேர் வந்தாலும் நகர்ந்து இடம் கொடுக்கலாம்.

இந்தப் படங்களை என் அத்தையிடம் காட்டினேன். தோட்டத்தில் உரம் போட்டு ஓய்ந்தவர். "எதுக்குப் பாயில மேசை?" என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்குமுன் அவரே, "கிராணியோட மேசையா?" என்றார். சம்பள நாளில் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். இவர்கள் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் போய்ப் பெருவிரல் வைத்துவிட்டு வருவார்கள். கலை விமரிசகர் பக்கம் பக்கமாக எழுதுவதை அத்தை இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்.

அடுத்து சிம்ரின் கில். 1959இல் சிங்கப்பூரில் பிறந்தவர், போர்ட் டிக்சனோடு நெருங்கிய தொடர்புள்ளவர், 2013இல் வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் கலந்துகொண்டவர். 1999-2000இல் போர்ட் டிக்சனில் அவர் எடுத்த ஒரு புகைப்பட வரிசையில், சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறார்கள், ஆனால் தலை இருக்க வேண்டிய இடத்தில் நம் ஊர்ப் பழங்கள். முதலில் சிரிப்பு வரும். பிறகு, நம்மை வெறும் விளைபொருளாகவே பார்த்தவர்களின் நினைவு வந்து சிரிப்பு நின்றுவிடும். 2001இல் எடுத்த இன்னொரு வரிசையின் பெயர் 'டாலாம்'. மலாயில் உள்ளே என்று பொருள். தீபகற்பம் முழுக்கச் சுற்றி எடுத்த 260 வரவேற்பறைகள், ஆள் ஒருவர்கூட இல்லாமல். சாமி படம், நெகிழிப் பூ, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் ஒரு லேஸ் துணி என்று தேடிக்கொண்டே போவீர்கள். அந்த அறையைத் துடைத்துப் பெருக்கியவர் படத்தில் இல்லை. நான்காவது கேள்வி ஞாபகம் இருக்கிறதா?

நேரில் பார்க்க ஆசை வந்தால், சுங்கை சிப்புட்டிலிருந்து ரயிலேறிக் கோலாலம்பூர் போய், அம்பாங் பார்க் எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இல்ஹாம் கலைக்கூடத்தைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. போகுமுன் அன்று என்ன கண்காட்சி என்று அவர்கள் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டு கண்காட்சிகளுக்கு நடுவே போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு.

நான்காம் படி: இரண்டே கட்டுரைகள்

கோட்பாட்டு நூல்களை அடுக்கி வைத்துப் பயமுறுத்தமாட்டேன். இரண்டு போதும்.

ஒன்று, கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் 1971இல் ஆர்ட்நியூஸ் இதழில் எழுதியது. பெண்களில் மாபெரும் கலைஞர்கள் ஏன் தோன்றவில்லை என்பது அதன் தலைப்புக் கேள்வி. இதழின் தளத்திலேயே முழுதாகக் கிடைக்கிறது. கேள்விக்கு எளிதாக வரும் பதில், "இருந்தார்கள், மறைத்துவிட்டார்கள்" என்று பட்டியல் போடுவது. நாக்லின் அதைச் செய்யவில்லை. கேள்வியையே பிடித்து உலுக்கினார். மேதைமை பிறவியில் வருவது என்ற நம்பிக்கைக்குப் பின்னால் பள்ளி, பயிற்சி, பரிசு, புரவலர் என்று ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது என்றார். அவர் தரும் சான்று ஒன்றே போதும். ஐரோப்பாவில் பெரிய ஓவியர் ஆக வேண்டுமானால் ஆடையற்ற உடலைப் பார்த்து வரையப் பழக வேண்டும். லண்டன் ராயல் அகாடமியில் 1893 வரைகூட மாணவிகளை அந்த வகுப்புக்குள் விடவில்லை. ஏணியை எடுத்துவிட்டு, ஏன் நீ மாடியில் இல்லை என்று கேட்ட கதை. இதைப் படித்ததும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுபோன பெண்களைப் பற்றி நம் ஊரார் சொல்லும் "அதுக்குப் படிப்பு ஏறலை" என்ற வசனம் உங்கள் காதில் வேறு மாதிரி விழும்.

இரண்டாவது, மியர்ல் லேடர்மன் யூக்கலீஸ் 1969இல் எழுதிய பராமரிப்புக் கலை அறிக்கை. சில பக்கங்கள்தான். குழந்தை பெற்ற பிறகு, நாள் முழுதும் துடைப்பதும் துவைப்பதுமாகப் போய்விட்ட ஒரு கலைஞர், அதையே கலை என்று அறிவித்துவிட்டார். புரட்சி முடிந்த பிறகு, திங்கட்கிழமை காலை குப்பையை யார் அள்ளுவது என்று கேட்டார். 1973இல் ஓர் அருங்காட்சியகத்தின் படிகளைத் தாமே தண்ணீர் ஊற்றித் துடைத்தார். 1979-80இல் நியூயார்க் நகரின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களை ஒருவர் விடாமல் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார்.

அந்த அறிக்கையின் மையச் சொல்லுக்குத் தமிழில் பராமரிப்பு என்று குறித்துக்கொண்டபோது ஒன்று கவனித்தேன். சாலையையும் பராமரிக்கிறோம், இயந்திரத்தையும் பராமரிக்கிறோம், வயதான மாமியாரையும் பராமரிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்லாகப் பிரிந்து கிடப்பது நம்மிடம் ஒரே சொல்லாக இருக்கிறது. யூக்கலீஸ் முயன்று ஒட்டவைத்த வீட்டு வேலையும் ஊர் வேலையும் நம் பேச்சில் ஏற்கெனவே ஒட்டித்தான் கிடக்கின்றன. என்ன பயன், சாலையைப் பராமரிப்பவருக்குத்தான் சம்பளம்.

ஐந்தாம் படி: இப்போது பாடத்தில் சேரலாம்

நான்கைந்து தளங்கள் போதும். பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுங்கள்.

ஸ்மார்ட்ஹிஸ்டரி: பதிவே தேவையில்லை. ஒரு படைப்பின் முன் நின்று இரண்டு பேர் பேசிக்கொள்ளும் குறுங்காணொளிகள். களைத்த இரவுகளுக்கு இதுதான் சரி.

எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்: பதிவும் இல்லை, சான்றிதழும் இல்லை. பெண்கள், பாலினம் பற்றிய பாடங்களின் வாசிப்புப் பட்டியலும் தேர்வுக் கேள்விகளும் கிடைக்கும். நான் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றபடி வறட்சி.

ஓப்பன்லேர்ன்: பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தினுடையது. பாடமும் இலவசம், பங்கேற்புச் சான்றும் இலவசம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்படுபவர்கள் இங்கே போகலாம்.

கோர்செரா: நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பாடங்கள் இங்கே இருக்கின்றன. 'சமகாலக் கலை என்றால் என்ன' என்ற பாடமும், புகைப்படங்களைப் பார்ப்பது பற்றிய பாடமும் நல்லவை. ஆனால் கவனம்: சில பாடங்களை முழுவதும் இலவசமாகப் பார்க்க விடுவார்கள், சிலவற்றில் முதல் பகுதியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். இது மாறிக்கொண்டே இருக்கும். சேருமுன் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். காணொளிகளின் உரை வடிவத்தை இறக்கிக்கொள்ள முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

இவை தவிர, பெண் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளுக்குப் பாரிஸிலிருந்து இயங்கும் அவேர், ஆசியக் கலைக்கு ஹாங்காங்கின் ஏசியா ஆர்ட் ஆர்க்கைவ். இரண்டும் பாடங்கள் அல்ல, தோண்டத் தோண்டக் கிடைக்கும் கிடங்குகள்.

இப்போது அந்த ஏமாந்த கதை. ஒரு தளத்தில் ஏழு நாள் இலவசம் என்றார்கள், அட்டை எண் கேட்டார்கள், கொடுத்தேன். எட்டாம் நாள் மறந்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் வங்கிக் கணக்கைப் பார்த்தேன். ஏறக்குறைய 500 வெள்ளி (ரிங்கிட்) போயிருந்தது. அதில் நான் பார்த்தது ஒன்றரைப் பாடம். அட்டை எண் கேட்கும் இடத்தில் இலவசம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஒரு கறுப்புக் குறிப்பேடும் கொஞ்சம் சண்டையும்

படிப்பது ஆங்கிலத்தில் என்றாலும் குறிப்பு தமிழில் எழுதுங்கள். நிகழ்த்துகலை, நிறுவல் கலை, ஆண்நோக்கு (பெண்ணை ஆணின் கண்ணால் பார்க்கும் பொருளாக்குவது) என்று சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சொல் இல்லாத இடத்தில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் முன்வைத்த ஒரு கருத்துக்கு (ஆங்கிலத்தில் intersectionality) நான் எழுதிய வாக்கியம்: "இரண்டு பக்கமும் அடி விழும்போது, எது எந்தப் பக்கத்து அடி என்று நீதிமன்றம் கேட்கிறது." அவர் அலசிய வழக்கில், ஒரு வாகன நிறுவனம் பெண்களையும் வேலைக்கு எடுத்தது, கறுப்பர்களையும் எடுத்தது. பெண்கள் என்றால் அலுவலகத்தில் வெள்ளைப் பெண்கள். கறுப்பர்கள் என்றால் தொழிற்சாலையில் ஆண்கள். கறுப்புப் பெண்கள் நடுவில் விழுந்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடிக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெண்கள், புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்காக இயங்கும் தெனாகனித்தா அமைப்பு 2002இல், மருந்து அடித்த பெண்களின் உடல்நிலை பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. பாராகுவாட் களைக்கொல்லி இந்நாட்டில் முழுதாகத் தடைசெய்யப்பட்டது 2020இல்தான்.

குறிப்பேட்டின் வலப்பக்கத்தைச் சண்டைக்கு ஒதுக்குங்கள். எல்லாப் பாடமும் அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோவின் விருந்து மேசையைப் புகழும். 1979இல் முடித்த முக்கோண மேசை, வரலாற்றுப் பெண்களுக்கு 39 இருக்கைகள், தரையில் இன்னும் 999 பெயர்கள், இப்போது புரூக்ளின் அருங்காட்சியகத்தில். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. தட்டுகளில் பெரும்பாலானவை பெண்ணுறுப்பை நினைவூட்டும் வடிவங்கள். ஆனால் கறுப்பின விடுதலைக்குப் போராடிய சோஜர்னர் ட்ரூத்தின் தட்டில் மட்டும் முகங்கள். அவருக்கு மட்டும் ஏன் உடல் மறுக்கப்பட்டது என்று கறுப்பினப் பெண் எழுத்தாளர்களே கேட்டார்கள். விருந்துக்கு அழைத்த மேசையிலும் கிராணி இருக்கிறார்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி: நூறாண்டுக்கு முந்தைய மலாயா அஞ்சலட்டைகளை இணையத்தில் தேடுங்கள். மூக்குத்தியும் சேலையுமாக நிற்கும் பெண்களுக்குக் கீழே பெயர் இருக்காது, தமிழ்ப் பெண் என்று இனம் மட்டும் இருக்கும். அதைப் பார்த்த கையோடு, பெங்களூருக் கலைஞர் என். புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000-2004இல் செய்த தென்னிந்தியப் பெண்கள் வரிசையைப் பாருங்கள். ரவிவர்மா ஓவியத்து லட்சுமியிலிருந்து, பழைய மானிடவியல் புகைப்படத்தில் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி அளக்கப்படும் பெண் வரை எல்லாரும் அவரே. ஜெயலலிதா நடித்த பழைய தமிழ்ப் படக்காட்சி ஒன்றும் உண்டு, கையில் சாட்டையோடு. அஞ்சலட்டைப் பெண் பார்க்கப்பட்டாள். இவர் பார்க்கப்படுவதை நடித்துக் காட்டுகிறார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்தால் ஆண்நோக்கு பற்றி எழுதப்பட்ட பாதிக் கட்டுரைகள் தேவைப்படாது.

தனியாகச் சண்டை போட அலுத்துவிடும். இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூவர், ஞாயிறு காலை கோப்பிக் கடையில் பசியாறிக்கொண்டே வாரம் ஒரு படம் பார்ப்போம். ரொட்டி சானாய் எண்ணெய் கைப்பேசியில் ஒட்டும், பரவாயில்லை.

ஏழாம் படி: திருப்பிக் கொடுங்கள்

மூன்று மாதம் இப்படிப் போனால் கையில் குறிப்புகள் சேர்ந்துவிடும். அவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் போடுங்கள். பெண் கலைஞர்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதுவதற்காக 2014 முதல் பல நாடுகளில் ஆர்ட் பிளஸ் ஃபெமினிசம் என்ற பெயரில் கூட்டாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவர்களின் பயிற்சிக் குறிப்புகளும் இலவசம்.

முதலில் நீங்கள் நினைக்கும் கலைஞருக்குக் கட்டுரை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை விரிவாக்குங்கள். இல்லாவிட்டால் கணக்குத் தொடங்கி, மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். பிறந்த ஆண்டு, ஊர், முக்கியப் படைப்புகள், கண்காட்சிகள் என்று ஒவ்வொரு வரிக்கும் நம்பகமான சான்று வேண்டும். "தலைசிறந்த", "ஒப்பற்ற" போன்ற அடைமொழிகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இணையத்தில் கண்ட படத்தை எடுத்து ஏற்றாதீர்கள், உரிமைச் சிக்கல் வரும். மொழிபெயர்ப்புக் கருவி தந்ததை அப்படியே ஒட்டாதீர்கள்.

என் முதல் கட்டுரை மூன்று பத்திதான். அதற்கு நான்கு இரவுகள் ஆயின. மறுநாள் காலை திறந்து பார்த்தால், முகம் தெரியாத ஒருவர் வந்து இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டுப் போயிருந்தார்.